மாதம் ஆறு பிழை

காலை ஒன்பதரை மணிக்குத் தெருமுனையில் தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்டதும், பென்சில் சார் தம் மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவார். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலை எடுத்துச் சிவப்பு முனையை மட்டும் பிளேடால் சீவுவார். பிறகு ஓர் அட்டையை எடுப்பார். ஒரே ஒரு வரி தெரியும் அளவுக்கு நடுவில் சன்னல்போல் வெட்டிய அட்டை அது. ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அதன்மேல் அட்டையை வைத்து, சன்னல் வழியே ஒரு வரி பார்த்து, அட்டையை இறக்கி அடுத்த வரி பார்த்து, அப்படியே அடிவரை போவார். பிழை கண்ட இடத்தில் சிவப்புக் கோடு விழும். முடித்ததும் காகிதத்தை உறையிலிட்டு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

பாடநூல் அச்சகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர் அவர். வேலையில் சேர்ந்த முதல் நாள் தலைமை மெய்ப்பாளர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: "தம்பி, விஷயத்தைப் படிக்காதே. விஷயத்துக்குள்ள புகுந்துட்டா பிழை கண்ணுல படாது. அர்த்தத்தை வாசல்லயே விட்டுட்டு உள்ள வா." பென்சில் சார் அவ்வாறே விட்டார். ஓய்வுபெற்று வெளியே வந்தபோது, வாசலில் விட்டதை எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டார்.

எழுத்துப்பிழைகள் அவருக்குச் சிறு பூச்சிகள். அவர் வேட்டையெல்லாம் வினைச்சொற்களின் காலத்தில்தான். தமிழுக்கு மூன்று காலம் போதும். ஆங்கிலத்திலோ காலத்தைப் பன்னிரண்டு அறைகளாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த வினை எந்த அறையில் தங்க வேண்டும் என்பதில், விடுதிக் காப்பாளரைக் காட்டிலும் கண்டிப்பானவர் அவர்.

ஒரு முறை குடிநீர் அலுவலகம் வீடுதோறும் ஓர் அறிவிப்பைப் போட்டது. 'நாளை தண்ணீர் வரவில்லை' என்ற பொருளில் இருந்த வாக்கியத்தை 'நாளை தண்ணீர் வராது' என்று திருத்தி, அன்றைய தபாலிலேயே அனுப்பிவைத்தார். மறுநாள் முகமெல்லாம் சோப்பு நுரையோடு குழாயடியில் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தண்ணி வரலையே!"

"நேத்து ஏதோ நோட்டீஸ் பாத்தீங்களே, அதுல என்ன போட்டிருந்தது?"

"தப்பாப் போட்டிருந்தது. நான்தான் சரி பண்ணினேன்."

இத்தகையவருக்கு மாதந்தோறும் தவறாமல் வந்த விருந்து, அவருடைய அக்காவின் கடிதம்.

அக்கா நான்கு வயது மூத்தவர். ஒரு பகல் முழுவதும் பேருந்தில் போய்வர வேண்டிய தொலைவில், வேறோர் ஊரில் இருந்தார். முன்பெல்லாம் தமிழில்தான் எழுதிக்கொண்டிருந்தார். நாளெல்லாம் எழுத்தையே பார்த்துக் களைத்து வருபவருக்கு வீட்டில் பேனா பிடிக்கக் கை எழுவதில்லை. ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அக்காவின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அக்கா இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போகிறாராம் என்று யாரோ சொல்லக் கேட்டார். அந்த ஆங்கிலக் கடிதம் மூன்றாம் நாளே சிவப்புக் கோடுகளோடு அக்காவிடம் திரும்பிச் சென்றது. அன்று தொடங்கி மாதம் ஒன்று வரும். மாதம் ஒன்று திரும்பும்.

அக்காவின் கடிதங்களில் ஒரு வியப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் சரியாக ஆறு பிழை இருக்கும். ஐந்தாகக் குறைந்ததில்லை, ஏழாக ஏறியதில்லை. ஒரு பிழையைப் போல் இன்னொன்று இருக்காது. நேற்று நடந்ததை நாளைக்குத் தள்ளும் பிழை ஒன்று. நடந்து முடிந்த திருமணத்தை இன்னும் நடந்துகொண்டிருப்பதாக எழுதும் பிழை ஒன்று.

"எங்க அக்கா ஒருத்தி ஆறு பேருக்குச் சமம்" என்று பென்சில் சார் அன்போடு சொல்லிக்கொள்வார்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது நூற்று முப்பத்து மூன்றாவது கடிதம். அதில் பிழையே இல்லை.

அவர் அட்டையை மேலிருந்து கீழே இறக்கினார். கீழிருந்து மேலே ஏற்றினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறக்கினார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'அன்புள்ள தம்பிக்கு, மகன் கடல் கடந்த ஊரில் வீடு வாங்கிவிட்டான். என்னைத் தன்னோடு வந்துவிடும்படி அழைத்திருக்கிறான். போனால் திரும்ப மாட்டேன். போவதா, உன் பக்கத்தில் இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டுக்கு வரட்டுமா என்று மூன்று கடிதங்களில் கேட்டிருந்தேன். மூன்றிலும் அந்த வாக்கியத்தைத் திருத்தி அனுப்பினாய். வா என்று எழுதவில்லை. அழைக்காத வீட்டின் கதவைத் தட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.'

காகிதத்தின் மறுபக்கத்தில் மீதி இருந்தது.

'ஆகையால் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவேன். அதே பேருந்து நான்கு மணிக்குத் திரும்பும்போது, உனக்காக ஐந்து மணி நேரம் காத்துக்கொண்டிருந்திருப்பேன். நீ வந்தால் உன்னோடு வருவேன். வராவிட்டால் உன் பதிலைப் புரிந்துகொண்டு மகனிடம் போய்விடுவேன்.'

'காத்துக்கொண்டிருந்திருப்பேன்' என்பதற்கான ஆங்கில வினை சன்னலில் தெரிந்ததும் பென்சில் சார் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். பன்னிரண்டு அறைகளில் கடைசி அறை அது. எளிதில் யாரும் எட்டிப்பார்க்காத அறை. முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் அதை அச்சில் ஏழு முறைதான் சந்தித்திருந்தார். அக்கா அதன் கதவைத் திறந்து உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி தேநீரோடு வந்தார். "உங்க அக்கா கடுதாசியா? என்ன எழுதியிருக்காங்க?"

"அற்புதமா எழுதியிருக்கா!"

"உடம்பு நல்லா இருக்காமா?"

"வினைச்சொல் அத்தனையும் நல்லா இருக்கு. ஒண்ணுகூடப் பழுதில்ல."

"அது இல்லீங்க, விஷயம் என்னன்னு கேட்டேன்."

"அதைத்தானே சொல்றேன்! ஒரு தப்பு இல்ல. இதுக்கு மேல என்ன விஷயம் வேணும்?"

குளத்தில் ஒரு கொக்கு இருந்ததாம். மீனைப் பிடித்தால் உடனே விழுங்காது. காலடியில் வைத்துச் செதிலை எண்ணும். எண்ணி முடிப்பதற்குள் மீன் நழுவித் தண்ணீரில் போய்விடும். கூட்டுக்குத் திரும்பினால், "இன்னைக்கு எத்தனை மீன்?" என்று பெண்கொக்கு கேட்கும். "ஆயிரத்து நாற்பது செதில்!" என்று இது பெருமையோடு சொல்லுமாம். பெண்கொக்கு அதற்குப் பிறகு என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பென்சில் சாரின் மனைவி தேநீரை மேசைமேல் சற்று ஓசையோடு வைத்துவிட்டுப் போனார்.

இப்போது ஒரு சிறு சிக்கல் எழுந்தது. பிழை இல்லாத கடிதத்தை எப்படித் திருப்பி அனுப்புவது?

"ரெண்டு வரி பதில் எழுதிப் போடுங்களேன்" என்றார் மனைவி, அடுப்பங்கரையிலிருந்தே.

"என்னன்னு எழுத?"

"அவங்க கேட்டதுக்குப் பதில்."

"அவ ஒண்ணும் கேக்கலையே. தேடிப் பாத்துட்டேன், ஒரு கேள்விக்குறிகூட இல்ல."

செவ்வாய்க்கிழமை ஓர் ஐயம் தோன்றியது. இதை அக்காதான் எழுதினாரா? பழைய கடிதம் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தார். ஒன்றும் இல்லை. பதினோரு ஆண்டுகள், நூற்று முப்பத்திரண்டு கடிதங்கள். அத்தனையையும் அவரே திருப்பி அனுப்பியிருந்தார். அக்காவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட அந்த வீட்டில் இல்லை. அலமாரியில் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா மட்டும்தான். அது நிறைய நீலப் பென்சில் துண்டுகள். சிவப்புப் பக்கம் தேய்ந்து தீர்ந்த பிறகு, சீவாத நீலப் பாதிகளை அவர் எறிவதில்லை.

"இந்த நீலத்தையெல்லாம் வச்சுக்கிட்டு என்னதான் செய்யப் போறீங்க?" என்று மனைவி ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்பார். அவருக்கே விடை தெரிந்ததில்லை.

அன்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளி நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு அது. அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுப்பங்கரைச் சன்னலோரம் அக்கா ஒரு கையால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே, மறுகையில் தம்பியின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் பிடித்திருப்பார். புத்தகத்தின் ஓரங்களில் ஆவி பட்டுத் தாள் நெளிந்திருக்கும்.

"போகிறேன், இதை நேத்துக்கு மாத்து."

"போனேன்."

"நாளைக்கு இந்நேரம்?"

"போய்க்கொண்டிருப்பேன்."

"தப்பிச்சே. இல்லன்னா இந்தக் கரண்டிதான்."

பள்ளியில் நடந்த இலக்கணப் போட்டியில் அவருக்கு முதல் பரிசாகக் கிடைத்தது ஒரு சிவப்பு நீலப் பென்சில். வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் நீட்டினார். "சிவப்பு எனக்கு, நீலம் உனக்கு" என்று பங்கு பிரித்தார். அக்கா அந்த நீலத்தால் சாமான் பட்டியல் எழுதினார்; அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் வேளைகளை எழுதினார். பிறகு திருமணமாகிப் போய்விட்டார். நீலம் சீவப்படுவது அதோடு நின்றது.

பென்சில் சார் டப்பாவை மூடினார். அக்காவுக்கு எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அவருக்கு அனுப்பத் தெரிந்தது ஒன்றுதான். பிழை இல்லையென்றால் ஒன்றை உண்டாக்கிவிடுவது என்று துணிந்தார். முதல் பக்கத்தில் 'கேட்டிருந்தேன்' என்று சரியாக இருந்த வினையைச் சிவப்பால் அடித்துக் 'கேட்டேன்' என்று எழுதினார்.

எழுதியதும் பென்சிலைக் கீழே போட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளில் சரியான சொல்லை ஒரு முறையும் அடித்ததில்லை. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பிளேடை எடுத்து அந்தச் சிவப்பைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்டத் தாள் மெலிந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று சுரண்டியபோது 'சர்ரக்' என்று ஓட்டை விழுந்துவிட்டது.

புதன்கிழமை முழுவதும் ஓட்டையை அடைப்பதில் கழிந்தது. மெல்லிய தாளை நகத்தளவு வெட்டிப் பசை தடவி ஒட்டினார். அதன்மேல் 'கேட்டிருந்தேன்' என்பதை அக்காவின் கையெழுத்திலேயே எழுதி, கனத்த அகராதியின் அடியில் வைத்தார். மறுபக்கத்தில் ஒட்டுத்தாள் வெள்ளையாக இருந்தது. அந்த இடத்தில் வினைச்சொல் எதுவும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை, ஆகவே கவலைப்படவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல், மூன்று மணிக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனார். தட்டச்சில் ஒரு நகல் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது, மூலத்தை 'பிழை இல்லை' என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்புவது. இதுவே அவருடைய இறுதித் தீர்மானம்.

பயிலகத்தில் பன்னிரண்டு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் பொரிந்துகொண்டிருந்தன. உரிமையாளரான தட்டச்சு மாஸ்டர் பென்சில் சாருக்குப் பழைய நண்பர்.

"வாங்க பென்சில் சார்! நம்ம போர்டுல இன்னும் ஏதாவது தப்பு மிச்சம் இருக்கா?"

"இன்னைக்குத் தப்பு பாக்க வரல. சரியான ஒண்ணைக் காட்ட வந்தேன். இதுக்கு ஒரு காப்பி அடிச்சுக் குடுங்க. வினைச்சொல்லை மட்டும் பாருங்க, அசந்துடுவீங்க."

"எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் சார் விரல் ஓடும்" என்று மாஸ்டர் உட்கார்ந்தார். கடிதத்தின்மேல் வைத்திருந்த சன்னல் அட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார். ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படித்து, மாணவர்களுக்கு விளங்கும்படி தமிழிலும் சொல்லிக்கொண்டே அடித்தார்.

'வரட்டுமா என்று மூன்று கடிதங்களில்' என்ற இடத்தில் ஓர் இயந்திரம் நின்றது. 'அழைக்காத வீட்டின் கதவை' என்றபோது நான்கு நின்றன. 'மகனிடம் போய்விடுவேன்' என்பதற்குள் அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. மாணவர்கள் எல்லாரும் பென்சில் சாரையே பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார்.

"எப்படி?" என்றார் பென்சில் சார், முகம் மலர.

"சார், உங்க அக்கா என்னைக்கு வராங்க?"

"அக்கா வராளா?"

"அடப் பாவி மனுஷா! பஸ் ஸ்டாண்டுல அஞ்சு மணி நேரம் நிப்பேன், நீ வரலைன்னா கடல் தாண்டிப் போயிடுவேன்னு எழுதியிருக்காங்க. என்னைக்குன்னு பாத்தா இங்க வெள்ளையா ஒரு ஒட்டு இருக்கு. இந்த இடத்துல என்ன எழுதியிருந்தது?"

பென்சில் சார் கடிதத்தை வாங்கினார். வாழ்க்கையில் முதன்முறையாக அக்காவின் கடிதத்தை அட்டையில்லாமல் படித்தார். படிக்கப் படிக்க நிறம் வெளுத்தது.

"ஞாபகமில்லையே" என்றார் ஈனக் குரலில். "அது வினைச்சொல் இல்ல, பெயர்ச்சொல்."

வீட்டுக்கு ஓடினார். மாஸ்டரும் தம் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார். ஓட்டையிலிருந்து விழுந்த துணுக்கைத் தேடி மேசையடியில் தவழ்ந்தார்கள்; மனைவி செவ்வாய்க்கிழமையே பெருக்கிவிட்டிருந்தார். கடைசியில் பசைப்புட்டியின் கழுத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. ஆவலோடு பிய்த்துப் பார்த்தார்கள். அதில் மூன்றே ஆங்கில எழுத்து மிஞ்சியிருந்தது: 'டே'.

ஆங்கிலத்தில் ஏழு கிழமைக்கும் வால் அதுதான்.

"போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் பென்சில் சார்.

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார். "உங்க அக்காவைப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா உங்களுக்கு? எந்த நாளா இருந்தா என்னங்க? இன்னைக்குப் போங்க. இல்லன்னா நாளைக்குப் போங்க. அவங்க வர வரைக்கும் தினம் போய் நில்லுங்க. கிளம்புங்க! நான் உள் ரூமை ஒழிச்சு வைக்கறேன்."

மணி மூன்றரை. "சைக்கிள்ல ஏறுங்க சார், பறந்துடலாம்" என்றார் மாஸ்டர். பென்சில் சார் பின்னால் ஏறினார். நூறு அடி பறந்தார்கள். பிறகு சங்கிலி கழன்றது. மாட்டினார்கள். அடுத்து டயரில் காற்று இறங்கியது. வண்டியைப் போட்டுவிட்டு ஓட மாஸ்டருக்கு மனம் வரவில்லை. அது மாமனார் வாங்கிக் கொடுத்தது. ஆக, ஏறிப் போக வேண்டிய வண்டியை இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஊர்வலமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

பேருந்து நிலையத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது நான்கு அடித்தது. மூலையில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு நகரத் தொடங்கியது. அதன் மூன்றாவது சன்னலில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. அடுப்பங்கரைச் சன்னலோரம் பார்த்த அதே சாய்வு.

"அக்கா!"

பேருந்து நிற்கவில்லை. மாஸ்டர் ஒரு கணம் மாமனாரை நினைத்தார். மறுகணம் மிதிவண்டியைப் பேருந்தின் முன்னால் உருட்டிவிட்டார். கிறீச்சென்று சத்தம். மிதிவண்டியின் முன்சக்கரம் முறுக்கிக்கொண்டு பேருந்தின் அடியில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் கீழே குதித்தார்; மாஸ்டரும் அவரும் உரையாடத் தொடங்கினார்கள். அந்த உரையாடல் அச்சுக்கு உரியதன்று.

பென்சில் சார் படியில் தாவி ஏறினார். மூன்றாவது இருக்கைக்கு முன்னால் போய் நின்றார். எல்லாக் காலமும் ஒன்றாக வாயில் வந்து அடைத்துக்கொண்டது.

"அக்கா, வரேன்... வந்துட்டு இருந்தேன்... வந்துடுவேன்... வந்துட்டேன்க்கா!"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுடா."

"வந்துட்டேன்."

"அது போதும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காக்கிச் சட்டை போட்ட நடத்துநர், அக்காவின் காலடியில் இருந்த தகரப் பெட்டியைத் தாமே கீழே இறக்கி, நிலையத்துப் பெஞ்சின் ஓரம் வைத்தார். அக்காவின் ஊர்க்காரர் அவர். "பதினொரு மணியிலேர்ந்து இவங்களுக்குத் துணையா உக்காந்திருக்கேன்" என்றார். பென்சில் சாரைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தார். "நீங்கதானா சார் அந்தத் தம்பி?"

அக்காவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. நீ எழுதினதைப் பாத்தேன், படிக்கல."

"தெரியும்டா. திருத்த ஒண்ணுமே இல்லாம எழுதினா, வேற வழியில்லாம நீ விஷயத்தைப் படிப்பேன்னு நினைச்சேன்."

"பெட்டி என்ன இந்தக் கனம் கனக்குது?"

அக்கா பூட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு புடவை, மீதியெல்லாம் கடிதம். நூற்று முப்பத்திரண்டும் வருடவாரியாக நூல் கட்டி அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடுகள்.

"இதையெல்லாம் எதுக்குக்கா வச்சிருக்கே?"

"நீ எனக்குப் போட்ட கடுதாசிடா. உன் கையெழுத்துல வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

பென்சில் சார் கடிதக் கட்டு ஒன்றின் நூலை அவிழ்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் பிளேடையும் எடுத்தார். பென்சிலைத் தலைகீழாகத் திருப்பினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீல முனையைச் சீவினார். முதல் கடிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு எழுதியிருக்கே. சரியாயிடுச்சா?"

"பதினோரு வருஷம் ஆச்சுடா. அந்த வீட்டையே விட்டாச்சு."

"இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் போடணும்ல." கடிதத்தின் அடியில், தமிழில், நீலத்தில் எழுதினார்: 'குழாய்க்காரரை உடனே கூப்பிடவும்.'

இரண்டாவது கடிதத்தில் அக்காவுக்கு முழங்கால் வலி, விசாரித்து எழுதினார். மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருந்தது; எத்தனை என்று கேட்டு எழுதினார். அக்கா சிரித்துக்கொண்டே பெட்டியின் மறுகோடியிலிருந்து மூன்று கடிதங்களை உருவி நீட்டினார். மூன்றிலும் 'வரட்டுமா' என்ற அதே வாக்கியம் இருந்தது. அதன்மேல் அவருடைய சிவப்புக் கோடும் இருந்தது. மூன்றின் அடியிலும் 'வா' என்று நீலத்தில் பெரிதாக எழுதினார். அந்தச் சொல்லுக்கு எந்த அறையும் தேவைப்படவில்லை.

அக்கா அந்த மூன்றையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பேருந்தின் அடியிலிருந்து மிதிவண்டி இன்னும் வெளியே வரவில்லை. நடத்துநர் பெஞ்சின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் சார் நெகிழ்ந்துபோய் அவரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா, எப்படி முட்டி மோதி எழுதியிருக்காங்க. அதுவும் கடைசிக் கடுதாசி இருக்கே, ஒரு தப்பு கிடையாது! இந்த வயசுல இவங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்த மாலை வகுப்பு வாத்தியார் யாரோ, அவரைப் பாத்தா ஒரு கும்பிடு போடணும்."

"இப்பவே போடுங்க சார், உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க" என்றார் நடத்துநர். "எங்க பஸ் டிப்போ ஆளுங்களுக்குப் பதினோரு வருஷமா இவங்கதான் டீச்சர். மாசக் கடைசியில கரும்பலகை முன்னால நின்னு, 'சரியா எழுதினா எங்க தம்பிகிட்டேயிருந்து பதில் வராது, ஆறு தப்பு வேணும், ஆளுக்கு ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க." அவர் குனிந்து, மடியில் இருந்த கடிதத்தில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இதோ, இது என்னோடது சார்."